ஒன்பது இரவு, இரண்டு கடப்பிதழ்: எங்கள் முதல் ஐரோப்பியப் பயணம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எங்கள் அலுவலகத்தில் ஒரு சரக்கு சொன்ன நாளில் போய்ச் சேரவில்லை என்றால், பொறுப்பில் இருந்தவர் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுத வேண்டும். என்ன திட்டம், எங்கே சறுக்கியது, எப்போது யாருக்குத் தெரிந்தது, தெரிந்த பிறகு என்ன செய்தார்கள். யாரையும் மாட்டிவிடுவதற்கு இல்லை, அடுத்த சரக்காவது ஒழுங்காகப் போகட்டும் என்பதற்குத்தான். ஒன்பது ஆண்டாக இதை எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அதனால் 2025 செப்டம்பரில் நானும் என் கணவரும் போய்வந்த ஐரோப்பியப் பயணத்தையும் அதே மாதிரி எழுதிப் பார்க்கிறேன். பயணம் நன்றாகவே இருந்தது. திட்டம்தான் இரண்டு முறை குப்புற விழுந்தது. இரண்டு முறையும் தள்ளிவிட்டது நான்.

பின்னணி

நான் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், சிங்கப்பூர்க் கடப்பிதழ் (பாஸ்போர்ட்). இவர் மன்னார்குடி பக்கம். வந்து பதினோரு ஆண்டாகிறது, நிரந்தரவாசி, இந்தியக் கடப்பிதழ். செங்காங்கில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, கல்யாணமாகி மூன்று ஆண்டு. அதுவரை நாங்கள் போனதெல்லாம் பாலி, பேங்காக், வருஷத்துக்கு ஒரு முறை மன்னார்குடி. பாலியில் இவர் விசா கட்டணம் கட்டிவிட்டு வருவதற்குள் நான் பெட்டியை எடுத்துக்கொண்டு நிற்பேன். இரண்டு கடப்பிதழுக்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கையில் இருந்தவை: ஆளுக்கு 8 நாள் விடுப்பு, 8,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அப்புறம் "வாழ்க்கையில ஒரு தடவைதானே போகப்போறோம்" என்ற நினைப்பு. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாக் கோளாறுக்கும் வேர்.

முதல் திட்டம்

ஆண்டுத் தொடக்கத்தில் எக்ஸ்போவில் நடந்த பயணச் சந்தைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். '10 நாள், 6 நாடு' என்று ஒரு துண்டறிக்கை, ஆளுக்கு 4,000 வெள்ளியை ஒட்டி. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "காசக் கட்டுனோமா, பஸ்ஸுல ஏறுனோமான்னு இருக்கணும்மா. நீங்களே எல்லாம் போட்டுக்கிட்டு அலையாதீங்க" என்றார். அதில் ஒரு நாளின் விவரத்தைப் படித்தேன். காலையில் ஆம்ஸ்டர்டாம், மதியச் சாப்பாடு பிரசல்ஸில், இரவு பாரிஸில். "இது சுற்றுலா இல்லப்பா, கூரியர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து எக்செலைத் திறந்தேன்.

திறந்து நான் போட்டதைப் பாருங்கள்: லண்டன் 2 இரவு, பாரிஸ் 2, ஆம்ஸ்டர்டாம் 1, சுவிட்சர்லாந்து 2, வெனிஸ் 1, ரோம் 1. மொத்தம் 9 இரவு, 6 ஊர். எந்தத் துண்டறிக்கையைப் பார்த்துச் சிரித்தேனோ அதையேதான் பேருந்து இல்லாமல் போட்டிருந்தேன்.

இவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. என் அட்டவணையில் ஒரு வரிசையைச் சேர்த்து, தலைப்பில் 'பெட்டியோடு' என்று எழுதினார். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கப்போகும் மணிக்கணக்கு அது. விடுதி அறையைக் காலை 11 மணிக்குள் காலி செய்ய வேண்டும், அடுத்த ஊரில் பிற்பகல் 3 மணிக்குத்தான் அறை தருவார்கள். நடுவில் ரயில், நிலையம் தேடுவது, வழி தவறுவது. ஒரு மாற்றத்துக்கு 6 மணி நேரம் என்று போட்டார். ஐந்து மாற்றத்துக்கு 30 மணி நேரம். விழித்திருக்கும் நேரத்தை மட்டும் எண்ணினால் ஒன்பதில் ஏறக்குறைய இரண்டு நாள் பெட்டியோடு போய்விடுகிறது. கணக்கைக் காட்டினாரே தவிர, எதையும் எடு என்று சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பட்டியலிலிருந்து முதலில் போனது லண்டன். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் பிரிட்டன் இல்லை. எனக்கு இணையவழி இ.டி.ஏ. அனுமதி போதும், அப்போது 16 பவுண்டு. இவருக்குத் தனி விசா வேண்டும், அப்போது 127 பவுண்டு. பணம்கூடப் பரவாயில்லை. விசாவுக்குக் கடப்பிதழையே ஒப்படைக்க வேண்டும், ஒரே கடப்பிதழ் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஒன்று முடிந்து திரும்பி வந்த பிறகுதான் அடுத்தது. எனக்கு இது அதுவரை உறைக்கவே இல்லை. எனக்கு விசா என்பது யாரோ படும் பாடாகவே இருந்திருக்கிறது.

ரோமில் 2025 கத்தோலிக்கர்களின் யூபிலி ஆண்டு, உலகம் முழுவதிலிருந்தும் யாத்திரிகர்கள் வந்துகொண்டிருந்தார்கள். இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்தோம். ரோம் இல்லாமல் வெனிஸுக்கு மட்டும் ஓடுவானேன், அதுவும் போனது. ஆம்ஸ்டர்டாமை ஏன் எடுத்தோம் என்று கேட்டால், அதை ஏன் சேர்த்தோம் என்பதற்கே என்னிடம் பதில் இல்லை.

மிஞ்சியது பாரிஸ் 5 இரவு, சுவிட்சர்லாந்தில் லூசெர்ன் 4 இரவு. விமானச் சீட்டைப் போக ஒரு ஊர், வர ஒரு ஊர் என்று போட்டோம். பாரிஸில் இறங்கி சூரிக்கிலிருந்து ஏறுவது. பாரிஸ் போய்த்திரும்பும் சீட்டை விட ஆளுக்கு 40 வெள்ளிதான் கூட வந்தது. ஏறுவதற்காக மறுபடி பாரிஸுக்குப் போனால் ஒரு நாளும் ஒரு ரயில் கட்டணமும் போயிருக்கும். செப்டம்பர் 16 செவ்வாய் வேலை முடிந்து இரவு விமானம், 17 காலை பாரிஸ். 26ஆம் தேதி சூரிக்கில் ஏறி, 27 விடியலில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம்.

தேதியைக் கேட்டதும் அத்தை காணொளியில் நெற்றியைச் சுருக்கினார். "பொரட்டாசி ஒண்ணாந் தேதியா போயி எறங்குறீங்க? சாப்பாட்டுக்கு என்னம்மா பண்ணுவ?" இவர் வீட்டில் புரட்டாசி முழுக்க மரக்கறிதான். அதை நான் அட்டவணையில் எங்குமே போடவில்லை.

ஓர் இரவு நகர்ந்தது

இந்த நிகழ்வின் மையம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஷெங்கன் பகுதியில் 29 நாடு, ஒரு விசாவில் எல்லாவற்றுக்கும் போகலாம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் விசாவே வேண்டாம், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம். இந்தியக் கடப்பிதழுக்கு விசா உண்டு. கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் கட்டணம் தனி. சிங்கப்பூர்க் குடிமகளின் கணவர் என்பதற்கெல்லாம் அங்கே சலுகை கிடையாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குத் தள்ளக் கூடாது. முடிவு சொல்ல 15 நாள், சிக்கல் என்றால் 45 நாள் வரை போகும்.

சரி, 29 நாட்டில் எந்த நாட்டிடம் கேட்பது? எங்கே அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம். இரண்டு நாட்டில் சமமாகத் தங்கினால், முதலில் நுழையும் நாட்டிடம். பாரிஸ் 5, லூசெர்ன் 4 என்பதால் எங்களுக்குப் பிரான்ஸ். ஜூலை 10ஆம் தேதிக்கு நேரம் பதிவு செய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

ஜூன் கடைசியில் எனக்குக் கை அரித்தது. லூசெர்னில் சமையலறையோடு ஒரு சின்ன வீட்டைப் பிடித்திருந்தோம், 5 இரவு தங்கினால் பத்து விழுக்காடு தள்ளுபடி. பாரிஸிலிருந்து சுவிஸ் நகரான பாசெல் போகும் அதிவேக ரயிலும் 22 திங்களைவிட 21 ஞாயிறு மலிவு. இரண்டையும் கூட்டினால் 140 வெள்ளி மிச்சம். மலைப் பக்கம் மழை வந்தால் கையில் ஒரு நாள் கூடுதலாக இருக்கும் என்பது வேறு. பாரிஸில் ஓர் இரவைக் குறைத்தேன், லூசெர்னில் கூட்டினேன், ரயில் சீட்டை வாங்கினேன். பணம் திரும்பக் கிடைக்காத சீட்டு. இவரிடம் பெருமையாகச் சொல்லவும் சொன்னேன். "நல்லது" என்றார்.

ஜூலை 8 இரவு. சாப்பாட்டு மேசையில் கோப்பு, விண்ணப்பப் படிவம், மூலையில் ஆறிப்போன டீ. இவர் படிவத்தை ஒரு முறை கடைசியாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கியமாகச் செல்லும் நாடு எது என்று ஒரு கட்டம், முதலில் நுழையும் நாடு எது என்று இன்னொரு கட்டம். பேனா முதல் கட்டத்தில் நின்றது.

"எங்க அதிகமா இருக்கோம்?"

"பாரிஸ்தாங்க."

"எண்ணிப் பாரு."

விரல் விட்டு எண்ணினேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கட்டைவிரல் மிஞ்சி நின்றது.

பாரிஸ் 4, லூசெர்ன் 5. முக்கிய நாடு சுவிட்சர்லாந்து. ஓர் இரவை நகர்த்தியதில் தூதரகமே நகர்ந்துவிட்டிருந்தது, எங்கள் சந்திப்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது. 140 வெள்ளி மிச்சப்படுத்தியவள் பதினைந்து நிமிடம் வாயே திறக்கவில்லை.

முன்னால் மூன்று வழி இருந்தது. பழைய 5 இரவுப் பதிவைக் காட்டிப் பிரான்ஸிடமே விசா வாங்கிக்கொண்டு, பிறகு விருப்பம்போல் போவது. அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர் கேட்கவே மாட்டேன் என்றார். "பொய் சொல்லி வாங்குன விசாவோட எல்லையில நிக்க என்னால முடியாது. உன்னை விட்டுடுவாங்க, என்னையத்தான் கேப்பாங்க." பதில் சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டாவது, திட்டத்தைப் பழையபடி 5-4 ஆக்குவது. ரயில் சீட்டுப் பணம் போகும், தள்ளுபடியும் போகும். மூன்றாவது, பிரான்ஸ் சந்திப்பை ரத்து செய்துவிட்டு சுவிட்சர்லாந்துக்கு முதலிலிருந்து தொடங்குவது. அன்றிரவே பார்த்ததில் ஜூலை 22 கிடைத்தது. 15 நாள் எடுத்தால் ஆகஸ்ட் 6, 45 நாள் எடுத்தால் செப்டம்பர் 5. இரண்டுமே 16க்கு முந்தைய தேதிகள். எடுத்தோம்.

கோப்பில் இருந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்: விமானப் பதிவு, ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடப் பதிவு, மூன்று மாத வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, விடுப்பு கொடுத்ததற்கு நிறுவனத்தின் கடிதம், நிரந்தரவாசத்துக்கும் மறுநுழைவு அனுமதிக்கும் சான்று, திருமணச் சான்றிதழ், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, 35 x 45 மில்லிமீட்டர் புகைப்படம். ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். பத்து ஆண்டுக்கு மேல் பழையதாகவும் இருக்கக் கூடாது.

ஜூலை 22 பிற்பகல் இரண்டரை. முகப்பில் இருந்த பெண் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து பாரிஸ் விடுதிப் பதிவில் நிறுத்தினார். "இதில் உங்கள் பெயர் இல்லையே?" அறையை என் அட்டையில் போட்டதால் பதிவில் என் பெயர் மட்டுமே இருந்தது. விசா அவருக்கு, அறை எனக்கு. காகிதத்தின்படி இவர் பாரிஸில் நான்கு இரவு தெருவில் படுக்கப்போகிறார். விடுதிக்கு அங்கேயே நின்றுகொண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். கோடையில் பாரிஸ் நமக்கு 6 மணி நேரம் பின்னால், அங்கே காலை எட்டரை. வரவேற்பில் ஆள் இருந்தார்கள். 40 நிமிடத்தில் இரண்டு பெயரோடு உறுதிக்கடிதம் வந்தது. எங்கள் சந்திப்பு காலை ஒன்பது மணிக்கு இருந்திருந்தால் பாரிஸில் அதிகாலை மூன்று.

ஆகஸ்ட் 6ஆம் தேதி விசா கைக்கு வந்தது. அதில் இரண்டு எண்ணைச் சேர்த்துப் படிக்க வேண்டும். செல்லுபடி அக்டோபர் 11 வரை என்று இருந்தது, தங்கும் நாள் 10 என்று இருந்தது. அக்டோபர் 11 வரை தங்கலாம் என்று அர்த்தமில்லை. பயணம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று 15 நாள் சேர்த்துப் போடுவார்கள், அதற்குள் நாம் இருக்கக்கூடியது 10 நாள்தான். இறங்கும் நாளும் ஏறும் நாளும் கணக்கில் சேரும். 17 முதல் 26 வரை சரியாகப் பத்து. விமானம் தவறினால் என்ன ஆகும் என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். அதற்கு முன் எந்தப் பயணத்திலும் எனக்கு அப்படி ஒரு யோசனை வந்ததில்லை.

இனி போகிறவர்களுக்கு ஒரு இடைக்குறிப்பு. நாங்கள் திரும்பிப் பதினைந்தே நாளில், 2025 அக்டோபர் 12 முதல், முத்திரை குத்துவதற்குப் பதில் கைரேகையும் முகமும் பதியும் இ.இ.எஸ். முறையைத் தொடங்கிவிட்டார்கள். இது சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கும் உண்டு. விசா தேவைப்படாதவர்கள் 20 யூரோ கட்டி எட்டியாஸ் என்ற முன் அனுமதி வாங்கும் முறையை 2026 கடைசிக் காலாண்டில் கொண்டுவருவதாக அறிவித்திருக்கிறார்கள்.

பாரிஸ்

விமான நிலையத்தில் என் கடப்பிதழுக்குத் தானியங்கி வாயில் திறந்தது. இவர் வரிசைக்குப் போனார். இரண்டு பெட்டியையும் எடுத்துவைத்துக்கொண்டு நான் காத்திருந்தது 55 நிமிடம். வந்ததும், "நாலு கேள்விதான் கேட்டான், அதுக்கு ஒரு மணி நேரம்" என்றார். கோப்பை முழுசாகக் கையில் வைத்திருந்தார், பாதுகாவலர் மாதிரி.

விடுதி கார் தெ லெஸ்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில். ஃபோபூர் சான் தெனி தெருவிலேயே வடக்கே கால் மணி நேரம் நடந்தால் லா சப்பல் வந்துவிடும். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதி. மளிகைக்கடை வாசலில் முருங்கைக்காய், சேலைக்கடைப் பொம்மை, வேகமாகப் போகிற யாழ்ப்பாணத் தமிழ். புரட்டாசி முதல் நாள் இரவு அங்கே மசால் தோசை சாப்பிட்டோம். படத்தை அத்தைக்கு அனுப்பினேன். "இதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா?" என்று பதில் வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிரெஞ்சுக் கடையில் காய்கறி சூப் என்றால் இறைச்சி வேகவைத்த சாற்றில் செய்திருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

மறுநாள் 18ஆம் தேதி வியாழன், வெர்சாய் அரண்மனை. தேதி போட்ட நுழைவுச்சீட்டு ஜூலையிலேயே வாங்கியாயிற்று. அன்றுதான் பிரான்ஸ் முழுக்கத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்திருந்தன. வரவுசெலவுத் திட்டச் சிக்கனத்தை எதிர்த்து எட்டுச் சங்கம் சேர்ந்து நடத்தியது. பாரிஸ் மெட்ரோவில் பெரும்பாலான தடங்கள் காலை, மாலை நெரிசல் நேரத்துக்கு மட்டும். ஓட்டுநர் இல்லாத 1, 4, 14 ஆகிய மூன்று தடமும் வழக்கம்போல் ஓடின. எங்கள் விடுதி தற்செயலாக 4ஆம் தடத்தில். இவர் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் சிரிப்பு. செங்காங்கில் தினமும் நாங்கள் ஏறும் வடகிழக்குத் தடமும் ஓட்டுநர் இல்லாததுதான், 2003இலிருந்து. "நம்மூரு ரயில் வந்து காப்பாத்திருச்சு பாத்தியா" என்றார். வெர்சாயை விட்டுவிட்டு 4ஆம் தடத்தில் சித்தே நிலையத்தில் இறங்கி நோத்ர தாம் பேராலயம் போனோம். 2019 தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்தது, நுழைவு இலவசம். உள்ளே கல் அவ்வளவு வெளுப்பு, நேற்றுக் கட்டிய மாதிரி. பிற்பகல் 1ஆம் தடத்தில் ஏறி, நினைத்த நிலையத்தில் இறங்கி நடந்தோம். அட்டவணையில் இல்லாத அந்த நாள்தான் பாரிஸில் எங்களுக்கு நல்ல நாள். வெர்சாய்ப் பணம் போனது போனதுதான்.

லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை, அப்போது 22 யூரோ சீட்டு. அன்று இரவு 9 மணி வரை திறந்திருக்கும் என்பதால் மாலையில் போனோம், கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஈபிள் கோபுரத்தில் ஏறவில்லை, எதிரே புல்லில் உட்கார்ந்து பார்த்தோம். கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்கிறார் இவர்.

மெட்ரோவுக்கு இங்கே போல வங்கி அட்டையைத் தட்டிவிட்டுப் போக முடியவில்லை. 2 யூரோவுக்கு ஓர் அட்டை வாங்கி அதில், அப்போது 2.50 யூரோவாக இருந்த பயணச்சீட்டுகளை ஏற்றினோம், ஆளுக்கு ஓர் அட்டை. வாரச் சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைக்குத்தான், புதனன்று இறங்கிய எங்களுக்கு அதில் லாபமில்லை.

மிகப் பெரிய பிழையை ஞாயிறு காலையில்தான் கண்டுபிடித்தோம். முஸ்தபா கடையில் ஆசையாக வாங்கிய 28 அங்குலப் பெட்டி, இரண்டு. மின்தூக்கி இல்லாத ரயில் நிலையம் என்று ஒன்று இருக்கும் என்பதே எனக்குத் தோன்றவில்லை, இங்கே எந்த எம்ஆர்டி நிலையத்தில் அப்படி இருக்கிறது? ஷாத்லே நிலையத்தில் தடம் மாறும்போது படிக்கட்டு, நடைபாதை, மறுபடி படிக்கட்டு. இவர் இரண்டு பெட்டியையும் ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோனார், நான் கீழே ஒன்றுக்குக் காவல், பிறகு மேலே ஒன்றுக்குக் காவல். முன்பின் தெரியாத ஒரு பையன் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்தபோது திருடனோ என்று பயந்துவிட்டேன். தூக்கி மேலே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். இதே காட்சி ஐந்து முறை நடந்திருக்க வேண்டியது. 'பெட்டியோடு' வரிசையை நினைத்துக்கொண்டேன்.

லூசெர்ன்

பாசெலில் மாறி லூசெர்ன் சேரும்போது ஞாயிறு பிற்பகல். கடைகளெல்லாம் மூடியிருந்தன. சுவிட்சர்லாந்தில் ஞாயிறென்றாலே அப்படித்தான், செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு அவர்களுக்கு நன்றி நோன்புத் திருநாள் வேறு. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் மட்டும் விதிவிலக்கு. அரிசி, தக்காளி, தயிர் எல்லாம் அங்கேதான் வாங்கினோம்.

இரவில் கைப்பேசிக்கு மின்னேற்றப் பார்த்தால் அடாப்டர் நுழையவில்லை. பாரிஸில் வேலை செய்த அதே அடாப்டர். குனிந்து பார்த்தேன். சுவரில் ஆறு பக்கம் கொண்ட ஒரு சின்னக் குழி, அதற்குள் மூன்று துளை. எங்களுடையது வட்டமான தடித்த தலை, குழியின் விளிம்பிலேயே முட்டிக்கொண்டு நின்றது. மெல்லிய தட்டைத் தலையோடு இரண்டு முள் இருக்கும் பிளக்தான் பிரான்ஸ், சுவிஸ் இரண்டிலும் போகும். மின்னழுத்தம் நம்முடையதேதான், 230 வோல்ட், வில்லங்கம் வெறும் தலையில். மறுநாள் நிலையத்துக்குப் போய் இன்னொன்று வாங்கினோம்.

சுவிஸ் பயண அட்டை அப்போது 6 நாளைக்கு ஆளுக்கு 379 பிராங்க். 21 முதல் 26 வரை எங்களுக்கு அப்படியே பொருந்தியது. ரயில், பேருந்து, ஏரிப் படகு எல்லாம் அதில் அடக்கம். அட்டையின் உண்மையான பயன் எனக்கு அங்கே போய்த்தான் புரிந்தது: எந்தச் சீட்டிலும் தேதி கிடையாது. முதல் இரண்டு நாளும் மலையுச்சிக் கேமராவில் வெறும் வெள்ளை. திட்டத்தைத் திருப்பிப் போட்டு, மழையில் பெர்ன் போனோம். யூரோப்பாபிளாட்ஸ் என்ற இடத்தில் 2014 முதல் சமயங்களின் இல்லம் என்று ஒன்று இருக்கிறது. மசூதி, தேவாலயம், பௌத்த விகாரை, சைவக்கோயில், எல்லாம் ஒரே கூரையின் கீழ். வெளியே டிராம் போகும் சத்தம், உள்ளே தமிழில் பூசை. இவர் விபூதியை நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

யுங்ஃப்ராவ்யோக் போகவில்லை. 3,454 மீட்டர் உயரத்தில் ரயில் நிலையம், யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் அட்டை மேலே வரைக்கும் செல்லாது, தள்ளுபடிதான் உண்டு. முழுக் கட்டணம் ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல். பதிலாக ரிகி மலை. லூசெர்னிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் விட்ஸ்னாவ், அங்கிருந்து பல்சக்கர ரயில். 1871இல் ஓடத் தொடங்கிய, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். உச்சி 1,798 மீட்டர், படகும் ரயிலும் அட்டைக்குள்ளேயே. வானம் தெளிந்த வியாழனன்று போனோம்.

மேலே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். அத்தை கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல், காலையில் வடித்த சோறு. நெய்யும் கொடுத்திருந்தார். பால் பொருளும் இறைச்சியும் வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டுபோகத் தடை என்பதால் அது செங்காங்கிலேயே நின்றுவிட்டது. பக்கத்துச் சரிவில் மாடுகள், கழுத்து மணி இடைவிடாமல். இவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கீழே ஏரியைப் பார்த்தார். "யுங்ஃப்ராவ்ல இத சாப்பிட்டிருந்தா வெறச்சுப் போயிருக்கும்" என்றார். ஆறுதல் எனக்கா அவருக்கா தெரியவில்லை.

லௌட்டர்புருன்னென் என்ற பள்ளத்தாக்கு ஊருக்கு ஒரு நாள் போய்வந்தோம். 297 மீட்டரிலிருந்து விழும் ஸ்டௌப்பாக் அருவி பாதி வழியிலேயே காற்றில் புகையாகப் போய்விடுகிறது. போகவும் வரவும் நாலு மணி நேரத்துக்கு மேல் ரயில், கையில் பெட்டி இல்லாததால் அது பயணமாகவே தெரியவில்லை.

கணக்கு

விமானம் 2,960 வெள்ளி. தங்குமிடம் 2,290. சுவிஸ் அட்டை இரண்டும் 1,220. பாரிஸ்–பாசெல் ரயில் 225. விசாவும் மையக் கட்டணமும் 190. காப்புறுதி 110. சாப்பாடு, நுழைவுச்சீட்டு, மெட்ரோ, வீணான வெர்சாய், இரண்டாவது அடாப்டர் எல்லாம் சேர்த்து 1,790. ஆக மொத்தம் 8,785. போட்ட தொகையைவிட 785 அதிகம். பயணச் சந்தையில் பார்த்த 6 நாட்டுத் துண்டறிக்கையும் இருவருக்கு ஏறக்குறைய இதே பணம்தான். அப்பா இதைக் கண்டுபிடித்து, "பாத்தியா, நாலு நாடு குறைஞ்சிருச்சு" என்றார்.

பிழைப் பட்டியலில் என் பெயரில் மூன்று: இரவை நகர்த்தியபோது விசா விதியைத் திரும்பப் பார்க்காதது, அறையில் ஒரு பெயர் மட்டும் போட்டது, 28 அங்குலம். இவர் பெயரில் ஒன்று. பெட்டி வாங்கும்போது பக்கத்தில் நின்று தலையாட்டியது.

27ஆம் தேதி விடியலில் சாங்கி. இங்கே குடிமக்களானாலும் நிரந்தரவாசிகளானாலும் கடப்பிதழை எடுக்க வேண்டியதில்லை, முகத்தைக் காட்டினால் வாயில் திறக்கும். பழக்க தோஷத்தில் இவர் கோப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாயிலுக்குப் போனார், நான் இன்னொன்றுக்கு. என் முன்னால் நின்றவர் கண்ணாடியைக் கழற்ற மறந்து தடுமாறிக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்தபோது இவர் பெட்டி வரும் பெல்ட்டில் சாய்ந்துகொண்டு, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறது?"